கழற்றிப் பூட்டக்கூடிய தளம்: உருக்கும் கொங்கிறீட்டும் சேரும் இடம் பற்றி

பந்தலைப் பிரிக்கிறோம், வீட்டை உடைக்கிறோம். இந்த இரண்டு வினைகளையும் இடம் மாற்றிச் சொன்னால் காதுக்கு ஒட்டாது. கல்யாணம் முடிந்து மறுநாள் பந்தலைப் பிரித்தால் தடி தடியாக, தகரம் தகரமாக, கயிறு கயிறாக எல்லாம் திரும்பக் கிடைக்கும். அடுத்த கிழமை வேறொரு வளவில் அதே பந்தல் நிற்கும். வீட்டை உடைத்தால் மிஞ்சுவது கல்லும் தூசியும், கதவு நிலை ஒன்றிரண்டும். கட்டடம் என்ற சொல்லே கட்டுதல் என்பதிலிருந்து பிறந்ததுதான். ஆனால் இன்று எங்கட ஊர்களில் எழும்புகிற மாடிகளில் உண்மையில் கட்டப்படுவது கம்பி மட்டுமே. மற்றதெல்லாம் ஊற்றப்படுகிறது. ஊற்றியதைப் பிரிக்க ஏலாது.

அப்படியானால் பிரிக்கக்கூடிய விதமாக ஊற்றலாமா? ஐரோப்பா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா ஆகிய இடங்களில் சில பல்கலைக்கழக ஆய்வுகூடங்கள் கொஞ்ச காலமாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிக் கொண்டிருக்கின்றன. அவர்கள் முக்கியமாகக் கையில் எடுத்திருப்பது கட்டடத்தின் ஓர் உறுப்பை: கீழே உருக்கு பீம், மேலே கொங்கிறீட் தளம், இரண்டும் சேர்ந்து ஒன்றாக வேலை செய்கிற 'கூட்டு உத்தரம்'. நான் தமிழ் படிப்பிக்கிறவன், பொறியியல் என் துறையல்ல. என் தங்கையின் கணவர் டோஹாவில் கட்டட வேலைகளில் அளவையாளராக இருக்கிறார். விடுமுறைக்கு வருகிற நேரங்களில் அவரோடு வாதாடி, அவர் தந்தவற்றை வாசித்து விளங்கிக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கட பள்ளிவாசல் நிருவாகங்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இதில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம். முதலில் பீம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேணும்.

நாற்பது பிள்ளைகளின் விடைத்தாள் கட்டு ஒன்றை எடுத்து, இரண்டு முனைகளையும் பிடித்து வளைத்துப் பாருங்கள். சிரமமில்லாமல் வளையும். முனைகளைக் கவனித்தால் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, ஓரம் படிக்கட்டுப் போலச் சாய்ந்திருக்கும். இப்போது கட்டை நேராக்கி, இரண்டு முனைகளிலும் பெரிய கிளிப் போட்டு இறுக்கிவிட்டு வளையுங்கள். கட்டு முரண்டு பிடிக்கும். தாள் அதே தாள், எண்ணிக்கையும் அதே எண்ணிக்கை. வழுக்கலை நிறுத்தினோம், அவ்வளவுதான். ஒரே கிளிப்பை நட்டநடுவில் மட்டும் போட்டால் அவ்வளவு பிரயோசனம் இல்லை என்பதையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இதற்குக் கணக்கும் இருக்கிறது. ஒரே அளவான இரண்டு பலகைகளைச் சும்மா ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒரு வாய்க்காலுக்குக் குறுக்கே போடுகிறோம். பிறகு அதே இரண்டையும் வழுக்காதபடி முழுமையாக ஒட்டிப் போடுகிறோம். ஒட்டியது இரு மடங்கு சுமை தாங்கும். அதே சுமைக்கு அது வளைகிற அளவு நாலில் ஒன்றாகக் குறைந்துவிடும். பலகை ஒன்றும் கூடவில்லை. இடையிலுள்ள இணைப்பு மட்டும் மாறியிருக்கிறது.

கூட்டு உத்தரம் இந்த வித்தையைத்தான் செய்கிறது. சுமை ஏறி பீம் வளையும்போது மேல்பக்கம் நெருக்கப்படும், கீழ்ப்பக்கம் இழுபடும். கொங்கிறீட் நெருக்கலைத் தாங்கும், இழுத்தால் வெடிக்கும். உருக்கு இழுவையை நன்றாகத் தாங்கும். ஆகவே மேலே கொங்கிறீட், கீழே ஐ வடிவ உருக்கு. ஆளுக்கு ஏற்ற வேலை. தளம் எப்படியும் வேணும், மனிதர் நடக்க வேணுமே. அந்தத் தளத்தையே பீமின் மேல் பாதியாகவும் உழைக்க வைத்துவிட்டால் கீழேயுள்ள உருக்கைக் கணிசமாகக் குறைக்கலாம். நிபந்தனை ஒன்றுதான்: இரண்டும் தங்களுக்கிடையில் வழுக்கக்கூடாது.

வழுக்கலைத் தடுக்க இன்று உலகமெங்கும் பயன்படுவது தலை தடித்த சிறிய உருக்கு ஆணி. வேலைத்தளத்தில் 'ஸ்டட்' என்பார்கள். வழமையான விட்டம் 19 மில்லிமீற்றர், உயரம் ஒரு சாண் கூட வராது, ஏறத்தாழ 100 மில்லிமீற்றர். துவக்குப் போன்ற ஒரு கருவியால் பீமின் முதுகில் வைத்து அழுத்தினால் ஒரு செக்கனுக்குள் பற்றிக்கொள்ளும். பிறகு அதன் மேல் கொங்கிறீட் ஊற்றுவார்கள். நல்ல தடித்த தளத்தில் இந்த ஆணி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 8 தொன் வழுக்கு விசையைத் தாங்கும் என்று கணக்கில் எடுப்பார்கள். மலிவு, வேகம், நம்பிக்கை மூன்றும் ஒன்றாகக் கிடைக்கிற ஏற்பாடு. குறை சொல்ல இடமே இல்லை, உடைக்கிற நாள் வரும் வரைக்கும்.

உடைக்கிற நாளை நான் கண்டிருக்கிறேன். கிழக்கில் ஒரு பாடசாலையில், இரும்புச் சட்டத்தில் எழுப்பிய இரண்டு மாடி மண்டபமொன்றை இடம் போதாதென்று அகற்றினார்கள். கட்டி இருபது வருடம்கூட ஆகவில்லை. பிரேக்கர் பூட்டிய பெக்கோ நாலு நாள் இடித்தது. கொங்கிறீட் போன பிறகு பீம்களின் முதுகில் ஆணிகள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றின் கழுத்திலும் உடைந்த கட்டி ஒட்டிக்கொண்டு. பீம்களில் துரு என்று சொல்ல ஒன்றும் இல்லை. லொறிக்குள் அடங்க வேணும் என்று காஸால் துண்டு துண்டாக வெட்டிக் கிலோ கணக்கில் பழைய இரும்புக்குக் கொடுத்தார்கள். அந்தப் பக்கம் வேலைக்கு நின்ற பாஸ் ஒருவர், "சேர், இத முழுசாக் கழட்டியிருந்தா இன்னொரு மண்டபம் போட்டிருக்கலாம், ஆனா எங்கால கழட்டுற?" என்று கேட்டார். எங்கால என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

இரும்பு உருக்கப்பட்டுத் திரும்ப வருகிறதுதானே, அதிலென்ன நட்டம் என்று கேட்கலாம். வருகிறது, உண்மைதான். ஆனால் இரும்பு உருகுவது 1538 பாகை செல்சியசில். உலையில் அதற்கும் மேலே சூடேற்ற வேணும். அந்த எரிசக்தி முழுவதும் ஏற்கெனவே பீமாக இருந்த ஒன்றை மீண்டும் பீமாக்கச் செலவாகிறது. கொங்கிறீட்டின் கதை இன்னும் மோசம். சீமெந்துக்காகச் சுண்ணக்கல்லைச் சுடும்போது, 100 கிலோ தூய கல்சியம் காபனேற்றிலிருந்து 44 கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. அடுப்புக்கு எரித்த எரிபொருளின் புகை இதில் சேர்த்தியில்லை, கல்லுக்குள் இருந்தே வருகிற கணக்கு இது. அப்படிப் பெற்ற கொங்கிறீட்டை உடைத்தால் கிடைப்பது வீதிக்குப் போடுகிற கல். எங்களைப் பொறுத்தவரை இன்னொரு கணக்கும் இருக்கிறது. இலங்கையில் கனிமத்திலிருந்து உருக்கு எடுப்பதில்லை. ஐ பீம் வெளியிலிருந்து வருகிறது, டொலரில் வருகிறது. 2022இல் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்று அறுபதுக்குப் பாய்ந்தபோது அரைகுறையாக நின்றுபோன கட்டடங்கள் எல்லா ஊரிலும் இருந்தன.

இணைப்பில்தான் எல்லாம் இருக்கிறது என்பதை எனக்குத் தெரிந்த ஒரு துறையிலிருந்து சொல்கிறேன். வகுப்பில் 'பிரித்தெழுதுக' என்று கேட்டால் பிள்ளைகள் பொற்குடத்தைப் பொன் + குடம் என்று பிரித்துவிடுவார்கள். னகரம் றகரமாகத் திரிந்திருந்தாலும் பிரிக்க முடிகிறது, ஏனென்றால் சேர்ந்த விதிக்குள்ளேயே பிரிகிற வழியும் இருக்கிறது. வாழைமரம் போன்ற இயல்புப் புணர்ச்சியில் இன்னும் இலகு, இரண்டு சொல்லிலும் ஒரு கீறல்கூட இல்லை. வெல்டிங் பிடித்த ஆணியைச் சுற்றி ஊற்றிய கொங்கிறீட்டில் இந்த வழி இல்லை. சேர்கிறது, பிரியாது. பொறியியலாளர்கள் தேடுவது, சொல்லப்போனால், உருக்குக்கும் கொங்கிறீட்டுக்கும் ஓர் இயல்புப் புணர்ச்சி.

முழுக்க உருக்காலான கட்டுமானத்தில் இது என்றைக்கோ சாத்தியமாகிவிட்டது. வெள்ளத்தில் பாலம் உடைந்தால் இராணுவம் கொண்டுவந்து பூட்டுகிற பெய்லி பாலத்தை எங்களில் பலர் கண்டிருப்போம். டொனால்ட் பெய்லி என்ற ஆங்கிலேயர் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வடிவமைத்தது. ஒவ்வொரு சட்டகமும் பத்தடி நீளம், எல்லாம் ஒரே அளவு, ஆறு பேர் தூக்கலாம். முனைக்கு முனை ஊசி செருகினால் பாலம், ஊசியைக் கழற்றினால் லொறிச் சாமான். ஆனால் அதன் தளம் பலகையாலோ உருக்குத் தகட்டாலோ ஆனது. கொங்கிறீட் உள்ளே வந்ததும்தான் வில்லங்கம் தொடங்குகிறது.

விடை மேலோட்டமாகப் பார்த்தால் சுலபம்: வெல்டிங் ஆணிக்குப் பதிலாக நட்டு போல்ட். தளத்தை ஒரேயடியாக ஊற்றாமல், தொழிற்சாலையில் வார்த்த பெரிய பலகைகளாகக் கொண்டுவந்து பீமின் மேல் அடுக்கி, போல்டால் பூட்டுவது. கழற்றும்போது ஸ்பெனர். என் மச்சானிடம் நான் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "மச்சான், ஓட்டை எவ்வளவு பெரிசு போடுவீங்க?" என்று கேட்டார்.

அங்கேதான் முழுப் பிரச்சினையும் கிடக்கிறது. 20 மில்லிமீற்றர் போல்ட் போக 20 மில்லிமீற்றர் ஓட்டை போட்டால் போல்ட் போகாது. வழமையாக 22 போடுவார்கள். இரண்டு மில்லிமீற்றர் இளக்கம். ஒரு பலகையில் இருபது முப்பது போல்ட்கள், பீமிலும் அதே எண்ணிக்கை ஓட்டைகள், இரண்டையும் வேறு வேறு இடங்களில் செய்து வேலைத்தளத்தில் பொருத்த வேணும் என்றால் இரண்டு மில்லிமீற்றரும் போதாது, இன்னும் பெரிதாக்க வேணும். ஓட்டை பெரிதானால் பூட்டுவது லேசு. ஆனால் அந்த இளக்கம் முடியும் வரை தளமும் பீமும் வழுக்கிக்கொண்டே இருக்கும், கிளிப் போடாத விடைத்தாள் கட்டுப் போல. அதுவரை கூட்டு உத்தரம் கூட்டாக வேலை செய்யாது. இரண்டு மில்லிமீற்றர் எங்களுக்கு ஒன்றுமில்லைப் போலத் தெரியும். ஐரோப்பிய நியமத்தில் ஓர் ஆணி 'நெகிழ்வானது' என்று ஏற்கப்பட அது 6 மில்லிமீற்றர் வழுக்கலைத் தாங்கினால் போதும். அந்த ஆறில் இரண்டை ஓட்டையே தின்றுவிடுகிறது என்றால் யோசித்துப் பாருங்கள். பூட்ட இளக்கம் வேணும், உழைக்க இறுக்கம் வேணும். இரண்டையும் ஒரே ஓட்டையிடம் கேட்கிறோம்.

இதை அவிழ்க்கப் பல வழிகள் சோதிக்கப்பட்டிருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே அளவாக விவரிக்கப் போவதில்லை, எனக்குச் சுவையாகப் பட்டவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, உராய்வு வழி. உயர்பலப் போல்டைச் சும்மா இறுக்காமல், அளவு பார்த்து முறுக்கி இழுவையில் நிறுத்துவது. 10.9 தரத்திலான 20 மில்லிமீற்றர் போல்டை முறைப்படி முறுக்கினால் அது ஏறத்தாழ 17 தொன் விசையோடு தளத்தையும் பீமையும் சேர்த்து நெரிக்கும். அந்த நெரிப்பினால் வருகிற உராய்வே வழுக்கலைத் தடுத்துவிடும், ஓட்டையின் இளக்கம் எவ்வளவு இருந்தாலும் பிரச்சினையில்லை. அவுஸ்திரேலியாவில் இதைப் பற்றி நிறையச் சோதனைகள் நடந்திருக்கின்றன. குறை என்னவென்றால், கொங்கிறீட் வருடக்கணக்கில் நெரிபடும்போது மெல்ல மெல்ல இடம் கொடுக்கும். போல்டின் இழுவை அதற்கேற்பத் தளரும்.

இன்னொன்று அமெரிக்காவில், பொஸ்டனிலுள்ள நோர்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் செய்தது. பீமில் ஓட்டையே போடுவதில்லை. கொங்கிறீட் பலகையின் அடியில் ஒரு உருக்குத் தவாளிப்பை வார்க்கும்போதே பதித்துவிடுவார்கள். அதற்குள் ரி வடிவத் தலையுள்ள போல்டை நுழைத்து, பீமின் விளிம்பைக் கவ்வி மூலம் பிடித்து இறுக்குவார்கள். கவ்வியை வேண்டிய இடத்துக்கு நகர்த்தலாம். பீம் தன் ஆயுள் முழுவதும் ஓட்டையில்லாமல், புதுப் பீமாகவே இருக்கும். இயல்புப் புணர்ச்சி என்று நான் சொன்னதற்கு இதைவிடக் கிட்டியது கிடையாது.

மூன்றாவது நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில். என்னை மிகவும் கவர்ந்தது இதுதான், ஏனென்றால் அவர்கள் முரண்பாட்டிலிருந்து தப்பி ஓடவில்லை. ஓட்டையைத் தேவையான அளவு பெரிதாகவே போடு, பூட்டி முடித்த பிறகு மிச்ச இடைவெளியை நிரப்பு என்றார்கள். நிரப்புவது எப்பொக்சிப் பிசின். பிசின் மட்டும் போட்டால் அது காலப்போக்கில் மெல்லக் கசங்கும். ஆகவே இடைவெளியை முதலில் மிகச் சிறிய உருக்கு மணிகளால் நிறைத்து, பிறகு பிசினைச் செலுத்துகிறார்கள். மணியோடு மணி முட்டி நிற்கும், பிசின் அவற்றைப் பிடித்து வைத்திருக்கும். போல்டின் மேல் முன்கூட்டியே ஒட்டாத பூச்சு ஒன்றைப் பூசிவிட்டால், முப்பது வருடம் கழித்தும் பிசினை விட்டுப் போல்ட் கழன்று வரும். பூட்டும்போது இளக்கம், உழைக்கும்போது இறுக்கம், பிரிக்கும்போது மீண்டும் விடுதலை.

டெல்ஃப்ட்காரர்கள் காட்டிய இன்னொரு விஷயம் விடைத்தாள் கட்டில் பார்த்ததுதான். வழுக்கல் அதிகம் நடப்பது முனைகளில், நடுவில் அல்ல. ஆகவே இணைப்பிகளை பீமின் நீளம் முழுக்கச் சமமாகப் பரப்பாமல் தாங்கிகளுக்குக் கிட்டக் கூட்டி வைத்தால், குறைந்த எண்ணிக்கையிலேயே நல்ல விறைப்புக் கிடைக்கிறது. போல்ட் குறைந்தால் பூட்டுகிற நேரமும் கழற்றுகிற நேரமும் குறையும். வெல்டிங் ஆணி ஒரு செக்கனில் முடிகிற காரியம் என்பதால் இதையெல்லாம் கணக்குப் பார்க்க வேண்டிய தேவை முன்னர் அவ்வளவாக இருக்கவில்லை.

இணைப்பை மாற்றினால் மட்டும் போதாது, வடிவமைக்கிற மனப்பான்மையும் மாற வேணும். வழமையான கணக்கில், உச்சச் சுமை வரும்போது ஆணிகள் கொஞ்சம் வளைந்து கொடுக்கலாம், உருக்கும் தன் மீள்திறனைத் தாண்டலாம், உடையாமல் நின்றால் சரி. அதனால்தான் 6 மில்லிமீற்றர் என்ற அந்த அளவு. ஒரே ஒரு ஆயுள் உள்ள கட்டடத்துக்கு அது நியாயமான கணக்கு. இரண்டாம் தரம் பூட்டவிருக்கிற பீமுக்கு அது சரிவராது. வளைந்த போல்ட் ஓட்டையிலிருந்து வராது. நிரந்தரமாகத் தொய்ந்த பீமின் மேல் புதிய தளம் உட்காராது. ஆகவே முதல் ஆயுள் முழுவதும் எல்லா உறுப்பும் றப்பர் போலத் திரும்பி வரக்கூடிய எல்லைக்குள்ளேயே நிற்க வேணும். அதற்குக் கொஞ்சம் கூடுதல் உருக்குப் போட வேணும். பிற்காலத்தில் மிச்சம் பிடிக்க முதலில் கூடுதலாகச் செலவழிக்கிறோம். இதைச் சொல்லாமல் விடுகிற ஆர்வலர்களை நான் நம்புவதில்லை.

பிறகு சில்லறைச் சத்துருக்கள். பலகைகளுக்கு இடையிலுள்ள நீக்கலைச் சீமெந்தால் நிரப்பி மேலே இரண்டு அங்குலம் கொங்கிறீட் ஊற்றி மட்டம் பண்ணினால், செய்த எல்லாம் வீண். மேசன்மார் பழக்கதோஷத்தில் அப்படிச் செய்துவிடுவார்கள், கண்காணிக்க வேணும். நட்டு இருக்கிற இடத்துக்குக் கீழிருந்து கை போக வேணும், சீலிங் அடித்து அதன் மேல் தண்ணீர்க் குழாயைக் கொண்டுபோனால் போகாது. எங்கட கரையோர உப்புக்காற்றில் சாதாரண நட்டு சில வருடத்தில் போல்டோடு ஒட்டிவிடும். நாகம் பூசிய போல்ட் வேணும், அதற்கும் மேல் பராமரிப்பு வேணும்.

இவையெல்லாம் ஆய்வுகூடத்தோடு நின்றுவிடவில்லை. அம்ஸ்டர்டாமில் நீதிமன்றத்துக்குப் புதுக் கட்டடம் எழும்புகிற வருடங்களில் வேலை நடத்த ஒரு தற்காலிக நீதிமன்றம் தேவைப்பட்டது. அது 2016இல் முடிந்தது. 'தற்காலிகம்' என்றதும் எங்களுக்கு ஞாபகம் வருகிற தகரக் கொட்டில் அல்ல, நீதிபதிகள் அமர்கிற மண்டபங்களோடு கூடிய கௌரவமான மாடிக் கட்டடம். அரசாங்கம் ஒப்பந்தத்திலேயே ஒரு நிபந்தனை போட்டது: வடிவமைத்து, கட்டி, பராமரித்து, காலம் முடிந்ததும் அகற்றுவதும் ஒப்பந்தக்காரரின் பொறுப்பு. அகற்றுகிற செலவு தன் தலையில் என்றதும் கட்டுகிறவர் எப்படிக் கழற்றுவது என்பதை முதல் நாளே யோசிக்கத் தொடங்கினார். உள்ளே துளையுள்ள கொங்கிறீட் பலகைகளை வழமைபோல் ஊற்றி ஒட்டாமல், கழற்றக்கூடிய பொருத்துகளால் உருக்குச் சட்டத்தோடு பிணைத்தார்கள். புதிய நீதிமன்றம் திறந்த பிறகு பழையது கழற்றப்பட்டு, நாட்டின் கிழக்கோரத்திலுள்ள என்ஸ்கெடே நகரில் அலுவலகக் கட்டடமாக மீண்டும் எழுந்தது. இங்கே தொழில்நுட்பத்தைவிட ஒப்பந்தத்தின் அந்த ஒரு வரிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கூட்டு உத்தரங்களைப் பொறுத்தவரை, லக்சம்பேர்க், பிராட்போர்ட், டெல்ஃப்ட் பல்கலைக்கழகங்கள் பிரித்தானியாவின் உருக்குக் கட்டுமான நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு பெரிய ஐரோப்பிய ஆய்வுத்திட்டத்தை நடத்தின. அதன் பின்னணியில் 2020இல் அந்த நிறுவனம் பொறியியலாளர்களுக்கு ஒரு வழிகாட்டி நூலும் வெளியிட்டது. அதற்கு முந்திய வருடம் பழைய உருக்கை மீண்டும் பயன்படுத்துவதற்கான நடைமுறை ஒன்றையும் வெளியிட்டிருந்தது. அதில் திரும்பத் திரும்ப வருகிற கவலை, பீமின் பூர்வீகம். எந்தத் தர உருக்கு, எந்த வருடம், தீப்பிடித்ததா, என்ன சுமை தாங்கியது என்ற விபரம் இல்லாவிட்டால் ஒவ்வொன்றையும் சோதிக்க வேணும், சோதனைச் செலவில் பழையதன் இலாபம் கரைந்துவிடும். விபரம் தெரியாத பீம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பொறியியலாளர் கையெழுத்து வைக்கமாட்டார். நெதர்லாந்தில் கட்டடப் பொருட்களுக்குக் 'கடவுச்சீட்டு' என்றே பெயர் வைத்துப் பதிந்து வருகிறார்கள்.

இவ்வளவு இருந்தும் இது ஏன் ஊரெல்லாம் பரவவில்லை? தொழில்நுட்பக் காரணம் பாதிதான். கூடுதல் செலவு இன்றைய சொந்தக்காரனுக்கு, இலாபம் நாற்பது ஐம்பது வருடம் கழித்து யாரோ ஒருவருக்கு. விற்கப்போகிற கட்டடத்தில் இந்தக் காசைப் போட எந்த முதலாளியும் விரும்பமாட்டான். நீதிமன்றக் கதையில் இது தீர்ந்ததற்குக் காரணம், கட்டுகிறவரும் அகற்றுகிறவரும் ஒரே ஆளாக ஆக்கப்பட்டதுதான்.

எங்கட சமூகத்தில் அப்படியொரு சொந்தக்காரர் ஏற்கெனவே இருக்கிறார்: வக்பு. பள்ளிவாசலுக்கு விட்ட வளவும் அதிலுள்ள கடைத்தொகுதியும் மண்டபமும் விற்பதற்கில்லை. நம்பிக்கையாளர் சபை மாறும், சொத்து மாறாது. இன்று கூடுதலாகச் செலவழிப்பதும் ஐம்பது வருடம் கழித்துப் பலனெடுப்பதும் அதே வக்புதான். அந்த இழப்புக் கணக்கு இங்கே அடிபட்டுப்போகிறது.

இது நான் புதிதாகப் பிடித்த விஷயமும் அல்ல. 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மர்கீனானியின் ஹனபி சட்ட நூலான ஹிதாயாவில், வக்பு அத்தியாயத்தில், இடிந்த வக்புக் கட்டடத்தின் பாகங்களை என்ன செய்வது என்று ஒரு பகுதி வருகிறது. தேவை இருந்தால் அதே வக்பின் கட்டுமானத்துக்கே பயன்படுத்த வேணும். இப்போது தேவையில்லை என்றால் தேவை வரும் வரை எடுத்து வைக்க வேணும். அந்தப் பொருளையே திரும்பவும் அதன் இடத்தில் வைக்க ஏலாது என்றால் மட்டுமே விற்று, அந்தப் பணத்தைத் திருத்த வேலைக்குச் செலவிட வேணும். பயனாளிகள் பங்குபோட்டு எடுக்கக்கூடாது. எங்கட ஊர்களில் ஷாபிஈ மத்ஹபே வழக்கம், நான் பத்வா சொல்லவும் வரவில்லை. அந்த ஒழுங்குமுறையைத்தான் பார்க்கச் சொல்கிறேன். மரமும் கல்லும் கொண்டு கட்டிய காலத்தில் 'பொருளையே திரும்ப வைப்பது' முதல் தெரிவாக இருக்க முடிந்தது. நாங்கள் ஊற்றத் தொடங்கிய பிறகு எல்லாம் நேராகக் கடைசித் தெரிவுக்கு, கிலோ கணக்குக்கு, வந்து நிற்கிறது. அதுவும் சீமெந்தை விற்கவும் ஏலாது.

சாதாரண வீட்டுக்கு இது தேவையில்லை, கட்டுப்படியும் ஆகாது. மூன்று மாடிக் கடைத்தொகுதி, வாகனத் தரிப்பிடம், கல்யாண மண்டபம், பாடசாலையின் பெரிய மண்டபம் என்று நீளமான இடைவெளி தாண்டுகிற கட்டடங்களுக்குத்தான் பொருந்தும். அங்கேயும் முழுவதையும் ஒரேயடியாக இந்த முறைக்குக் கொண்டுவரும் ஆட்களும் அனுபவமும் இன்னும் நாட்டில் உருவாக வேணும். ஆனால் வரைபடம் கீற வருகிற பொறியியலாளரிடம் சபை சில கேள்விகளைக் கேட்கலாம், கேட்பதற்குக் காசில்லை. தூண்களுக்கு இடையிலான தூரம் எல்லா இடமும் ஒரே அளவா? பீமும் தூணும் சந்திக்கிற இடத்தில் வெல்டிங்கா, போல்டா? தளத்தைப் பலகைகளாக வார்த்துப் பூட்டினால் செலவு எவ்வளவு கூடும்? மேல் மட்டத்துக்கு ஊற்றாமல் வேறு என்ன போடலாம்? நட்டுகளுக்குக் கீழிருந்து கை போகுமா?

மச்சான் இதில் ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். அவர் வேலை செய்கிற இடங்களில் கட்டடம் கையளிக்கும்போது வரைபடங்களும் உருக்கின் தரச் சான்றிதழ்களும் போல்டின் தரமும் முறுக்கிய அளவும் பீம் ஒவ்வொன்றின் இலக்கமும் அடங்கிய கோப்பு ஒன்றையும் சேர்த்துத்தான் கொடுப்பார்களாம். எங்கட ஊரில் கட்டடம் முடிந்த மறுமாதம் வரைபடத்தைத் தேடினால் கிடைப்பதில்லை. பள்ளிவாசல் அலுமாரியில் காணி உறுதியும் வக்புப் பதிவும் இருக்கிற அதே தட்டில் அந்தக் கோப்பும் இருக்க வேணும், ஒரு பிரதி வேறு இடத்திலும். கறையான் கொழும்பில் மட்டும் இல்லையே என்றார்.